திருப்பணிக்கு வரி எதற்கு?

2025-ஆம் ஆண்டுக்கான ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமத்தில் ஐந்நூறு ஆண்டுகளைக் கண்ட ஒரு தேவாலயம். கூரை ஒழுகுகிறது, மணிக்கோபுரத்தில் கல் பெயர்கிறது. ஈயத்தகடு மாற்றி, உளுத்த உத்திரத்தை எடுத்துவிட்டுப் புது மரம் பொருத்தி, கல்வேலையும் செய்து முடிக்க 3 லட்சம் பவுண்டு ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 20 விழுக்காடு வாட் வரி, 60,000 பவுண்டு. பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம் என்பதால், அப்போது இருந்த திட்டப்படி அந்த வரியில் ஒரு பங்கை அரசு திருப்பித் தரும். ஆனால், 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உச்சவரம்புப்படி ஒரு கட்டடத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல் கிடையாது. மிச்சம் 35,000 பவுண்டை ஊரார்தான் தேட வேண்டும். இந்த நேரத்தில் ஓர் அறக்கட்டளை 30,000 பவுண்டு கொடுத்து உதவுகிறது. அந்த உதவி முழுவதும் வரிக்கே போய், இன்னும் 5,000 பவுண்டு துண்டு விழுகிறது. கூரைக்கு என்று கொடுத்த பணத்தில் ஓர் ஆணிகூடக் கூரையில் ஏறவில்லை.

இது அநியாயம். பழமையான வழிபாட்டிடங்களின் பழுதுபார்ப்புக்கு வாட் வரி அடியோடு நீக்கப்பட வேண்டும். வாங்கிவிட்டுப் பாதியைத் திருப்பித் தந்ததும், அந்தத் திருப்பித் தருதலையும் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பதா வேண்டாமா என்று இழுத்தடித்ததும் போதவில்லை. வரியே கூடாது.

இந்த நாட்டில் தேவாலயங்களின் பழுதுக்குக் கைகொடுப்பவற்றில் முதன்மையான ஒன்று தேசிய தேவாலயங்கள் அறக்கட்டளை. இந்தப் பெயரில் அது 2007-இல் தொடங்கியது என்றாலும் அதன் வேர் பழையது. 1818-இல் தேவாலயக் கட்டுமானச் சங்கம் ஒன்று உருவானது. தொழிற்சாலை நகரங்களில் மக்கள் பெருகி, தேவாலயங்களில் இடம் போதாத காலம் அது. இருக்கைகளை வாடகைக்கு விடும் வழக்கமும் அப்போது இருந்தது. வசதியுள்ளவர்கள் பணம் கட்டி முன்வரிசையை வைத்துக்கொள்ள, ஏழைகள் ஓரத்தில் நின்றார்கள். உதவி கேட்டு வந்தவர்களிடம் அந்தச் சங்கம் ஒரு நிபந்தனை வைத்தது: வாடகை இல்லாத இருக்கைகள் ஏழைகளுக்கு இருக்க வேண்டும். கல்லுக்கும் மரத்துக்கும் கொடுத்த பணத்தோடு இப்படி ஒரு நீதியையும் சேர்த்துக் கட்டியவர்கள் அவர்கள். இரண்டாம் உலகப் போரில் பராமரிப்பின்றி விடப்பட்ட கட்டடங்களுக்காக 1953-இல் வரலாற்றுத் தேவாலயங்கள் பாதுகாப்பு அறக்கட்டளை பிறந்தது. இவ்விரண்டின் வழித்தோன்றலே இன்றைய அறக்கட்டளை. ஆங்கிலிக்கன், கத்தோலிக்கம், மெதடிஸ்ட் என்று சபை வேறுபாடு பார்க்காமல் ஐக்கிய இராச்சியம் முழுவதும் உதவுகிறது.

அது செய்யும் வேலையில் நம்மை மிகவும் கவர்வது பெரிய கோபுரங்களுக்குக் கொடுக்கும் பெரிய தொகை அல்ல. மழைநீர்ப் பீலியைத் துப்புரவாக்கக் கொடுக்கும் சிறிய உதவிதான்.

கட்டடம் எப்படிச் சாகிறது என்று கொத்தனாரைக் கேட்டால் தெரியும். இலையுதிர் காலத்தில் மரத்து இலைகள் கூரைக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே உள்ள பீலியில் விழுந்து மக்கிப் படிகின்றன. புறா ஒன்று அதன்மேல் கூடு கட்டுகிறது. மழைநீர் போக வழியில்லாமல் தேங்கி, ஈயத்தகட்டின் விளிம்பைத் தாண்டிச் சுவருக்குள் இறங்குகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே, கூரைச் சட்டங்கள் சுவரில் வந்து உட்காரும் நுனிப்பகுதி ஈரத்தில் ஊறி மெல்ல மெல்ல உளுக்கிறது. ஈரம் கண்ட ஓக் மரத்தை வண்டு தேடி வருகிறது. முன்னொரு காலத்தில் யாரோ நல்லெண்ணத்தோடு சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் பூசியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். சுண்ணாம்பு மூச்சு விடும். ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்து வைக்கும். உறைபனியில் அந்த ஈரம் விரிந்து கல்லின் முகத்தையே உரித்துவிடும். பத்து ஆண்டு கழித்து மேற்கூரையில் ஈரத்திட்டு தெரியும்போது வேலை லட்சத்தில் வந்து நிற்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை ஏணி வைத்து ஏறி, ஒரு வாளி இலையை அள்ளிப் போட்டிருந்தால் போதும்.

ஆனால் ஏணியில் ஏறுவது யார்? கிராமத் தேவாலயங்களில் பொறுப்பாக இருப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். எழுபது வயதுக்காரரை முப்பதடி உயரத்துக்கு ஏறச் சொல்ல முடியாது. அதனால்தான் தேசிய தேவாலயங்கள் அறக்கட்டளை, நம்பிக்கையான ஒப்பந்தக்காரர்களைத் தேவாலயங்கள் இணையவழியே அமர்த்திக்கொள்ள ஒரு சேவையையும் தொடங்கியது. காசு கொடுப்பதோடு நின்றுவிடாமல், அந்தக் காசைக் காலத்தில் செலவழிக்கவும் வழி செய்திருக்கிறது.

நம்மில் பலர் நினைப்பதுபோல இங்கிலாந்துத் திருச்சபையின் தேவாலயங்களை அரசு பராமரிக்கவில்லை. அரசரே திருச்சபையின் தலைவர் என்பதால் வரும் தவறான எண்ணம் இது. பிரான்சில் 1905-க்கு முன் கட்டிய தேவாலயங்களில் பெரும்பாலானவை ஊராட்சிக்குச் சொந்தம். பழுதும் அதன் பொறுப்பு. ஜெர்மனியில் உறுப்பினர்களிடமிருந்து தேவாலய வரியை அரசே வசூலித்துக் கொடுக்கிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை. பங்குச் சபையில் உட்கார்ந்திருக்கும் ஏழெட்டுப் பேர்தான் பொறுப்பு. இங்கிலாந்துத் திருச்சபைக்கு மட்டும் ஏறத்தாழ 16,000 தேவாலயங்கள். அவற்றில் நான்கில் மூன்று பங்கு பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை. பட்டியலில் ஏற்றி, இதைத் தொடாதே, அதை இடிக்காதே, இந்தக் கல்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் போடுகிறது நாடு. கட்டளையிடும் உரிமை நாட்டுக்கு, செலவு ஊராருக்கு, செலவில் ஆறில் ஒரு பங்கு கருவூலத்துக்கு. அழிவின் விளிம்பில் இருப்பதாக 'ஹிஸ்டாரிக் இங்கிலாந்து' அமைப்பின் பதிவேடு காட்டும் வழிபாட்டிடங்கள் மட்டும் 900-க்கு மேல்.

வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும். 2001-இல் நிதியமைச்சராக இருந்த கார்டன் பிரவுன் இந்தச் சுமையைக் குறைக்க விரும்பினார். வரிவிகிதத்தையே குறைக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் இடம் தரவில்லை. அதனால், வரியை வாங்கிக்கொண்டு மானியமாகத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. நல்ல மனத்தோடு செய்த மாற்றுவழி அது. 2012-இல் பாரம்பரியக் கட்டடங்களில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு இருந்த வரிவிலக்கையும் எடுத்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் இந்த மானிய நிதியை ஆண்டுக்கு 4 கோடியே 20 லட்சம் பவுண்டாக உயர்த்தினார்கள். 2025 தொடக்கத்தில் அது 2 கோடியே 30 லட்சமாகச் சுருக்கப்பட்டது; உச்சவரம்பும் வந்தது; 2026 மார்ச் வரைதான் என்று காலக்கெடுவும் வந்தது. ஒரு கோபுர வேலைக்குத் திட்டம் போட்டு, அனுமதி வாங்கி, பணம் திரட்ட நான்கைந்து ஆண்டுகள் ஆகும் என்பது இதில் இறங்கிய எவருக்கும் தெரியும். அடுத்த மார்ச்சுக்கு அப்பால் ஒன்றும் சொல்ல முடியாது என்றிருந்த நிலையில் யார் எந்த ஒப்பந்தத்தில் துணிந்து கையெழுத்துப் போட்டிருப்பார்கள்?

ஐரோப்பிய விதி தடுத்தது என்ற காரணம் இன்று இல்லை. ஒன்றியத்தை விட்டு வெளியேறியாகிவிட்டது. இந்த வரியைச் சுழியமாக்க பாராளுமன்றம் மனம் வைத்தால் போதும்.

இதைவிட வேதனை தரும் முரண் ஒன்று உண்டு. அறக்கட்டளை ஒன்று வழிபாட்டுக்காகப் புதுக் கட்டடம் கட்டினால் அந்தக் கட்டுமானத்துக்கு வாட் வரி சுழியம். நானூறு ஆண்டாக நிற்கும் கட்டடத்தைக் காப்பாற்றினால் 20 விழுக்காடு. இடித்துவிட்டுக் கட்டு என்று வரிவிதியே சொல்வதுபோல இருக்கிறது. கரிவெளியீட்டைக் குறைப்போம், இருப்பதைப் பேணுவோம் என்று பேசும் அரசு இதை எப்படி வைத்துக்கொண்டிருக்கிறது?

நம் மரபில் இதற்கு ஒரு விடை இருந்தது. கோயிலைப் புதுப்பிப்பதற்கென்றே விடப்பட்ட நிலத்துக்குக் கல்வெட்டுகளில் 'புதுக்குப்புறம்' என்று பெயர். வரி நீக்கிக் கொடுத்த நிலம் இறையிலி. கட்டுவது ஒருநாள் வேலை, பழுது பார்ப்பது தலைமுறைதோறும் வேலை என்பதை உணர்ந்து, அதற்கெனத் தனி வருவாயை ஒதுக்கி வைத்தார்கள். உழவாரத்தைக் கையில் ஏந்திய அப்பரை வணங்கும் மரபு, கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்குவதையும் தொண்டாகவே பார்த்தது.

இனி எதிர்வாதங்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் ஆணையர்களிடம் 10 பில்லியன் பவுண்டுக்கு மேல் முதலீடு இருக்கிறதே, அவர்கள் கொடுக்கட்டும் என்பது முதலாவது. இதில் உண்மை இருக்கிறது; மறுக்க மாட்டோம். அந்த நிதியில் குருமாரின் ஓய்வூதியம் போன்ற கடமைகள் இருந்தாலும், ஊர்த் தேவாலயங்களின் கூரைக்கு அதிலிருந்து இன்னும் தாராளமாக வர வேண்டும் என்றே நாமும் சொல்கிறோம். ஆனால் வாட் வரி அந்தத் திருச்சபையின்மேல் மட்டும் விழவில்லை. பின்னால் பெருநிதி எதுவும் இல்லாத மெதடிஸ்ட் சிற்றாலயத்தின் மேலும் விழுகிறது. லண்டன் பெவிஸ் மார்க்ஸில் 1701 முதல் நிற்கும் யூதத் தொழுகைக்கூடத்தின் மேலும், வோக்கிங்கில் 1889-இல் எழுந்த ஷாஜஹான் பள்ளிவாசலின் மேலும் விழுகிறது. நம் கோயில்களின் பழுதுபார்ப்பின் மேலும் விழுகிறது. தேசிய தேவாலயங்கள் அறக்கட்டளையின் உதவி கிறிஸ்தவ ஆலயங்களுக்கு மட்டுமே. வரிநீக்கமோ எல்லா மதத்தாருக்கும் உரியது. லண்டன் பிரிக் லேனில் ஒரே கட்டடம் 1743-இல் பிரெஞ்சு அகதிகளின் ஆலயமாகத் தொடங்கி, மெதடிஸ்ட் ஆலயமாகி, 1898-இல் யூதத் தொழுகைக்கூடமாகி, 1976-இல் பள்ளிவாசலாகியது. முதலில் வந்தவர்கள் கூரையைப் பேணியதால்தான் பின்னால் வந்தவர்களுக்கு நிழல் கிடைத்தது.

தேவாலயங்கள் வழிபாட்டோடு நின்றுவிடுவதும் இல்லை. உணவு வங்கி, முதியோருக்கான மதிய உணவு, குளிர்காலத்தில் வெதுவெதுப்பான ஓர் அறை, வாக்குச்சாவடி, குழந்தைகள் விளையாட்டுக்குழு என்று எத்தனையோ அங்கே நடக்கின்றன. இச்சேவைகளின் மதிப்பு ஆண்டுக்கு 12.4 பில்லியன் பவுண்டு என்று தேசிய தேவாலயங்கள் அறக்கட்டளையின் 2020 ஆய்வு கணித்தது. வேறு அளவுகோலால் அடுத்த ஆண்டு 55 பில்லியன் என்றது. அளவுகோலுக்கு ஏற்ப மாறும் இத்தகைய எண்களை நம் வழக்குக்கு அடித்தளமாக்க நாம் விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வராதவரும் வியாழக்கிழமை அரிசிப் பைக்காக வந்து நிற்கும் வரிசை நம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த மண்டபம் ஒழுகினால் அந்த வரிசை மழையில் நிற்கும்.

பத்துப் பேர்கூட வராத ஆலயத்துக்கு ஏன் இத்தனை செலவு என்பது அடுத்த கேள்வி. இதற்கு நம் மக்களின் அனுபவத்திலேயே பதில் இருக்கிறது.

நோர்போக் மாவட்டத்தில் வால்சிங்கம். ஒவ்வொரு கோடையிலும் பல்லாயிரம் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அங்கே யாத்திரை போகிறார்கள். இந்துக்களும் அவர்களோடு சேர்ந்து போவதுண்டு. புடவையும் வேட்டியும், தமிழ்ப் பாட்டும், கையில் சாப்பாட்டுப் பொதியும், தள்ளுவண்டியில் குழந்தைகளுமாக அந்த ஆங்கிலேய வயல்வெளி அன்று இலங்கையின் மடுமாதா திருவிழாவை நினைவூட்டும். அவர்கள் கூடும் இடத்தின் நடுவில் இருப்பது 14-ஆம் நூற்றாண்டின் சின்னஞ்சிறு ஆலயம். அந்தக் காலத்து யாத்திரிகர்கள் காலணியை அங்கே கழற்றிவிட்டு, கடைசி ஒரு மைலை வெறுங்காலோடு நடந்தார்களாம்.  எட்டாம் ஹென்றியின் காலத்தில் வால்சிங்கம் புண்ணியத்தலம் அழிக்கப்பட்டது. இந்தச் சிற்றாலயம் முந்நூறு ஆண்டுக்கு மேல் வழிபாடின்றி, வைக்கோல் போடும் கொட்டிலாகவும் கிடந்தது.

1896-இல் சார்லட் பாய்ட் என்ற பெண்மணி அதைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கிப் பழுது பார்த்தார். கத்தோலிக்கத் திருச்சபை அதை உடனே பயன்படுத்தவும் இல்லை. யாத்திரைத் தலத்தைக் கிங்ஸ் லின் நகரில் அமைத்துக்கொண்டது. ஆக, ஒருவரும் வராத ஆலயத்தைத்தான் அவர் செப்பனிட்டார். செலவுக்கணக்குப் பார்ப்பவர் அன்று அதை வீண் என்றே எழுதியிருப்பார். 1906-இல் அவர் இறந்தார். 1934-இல்தான் அந்தச் சிற்றாலயம் இங்கிலாந்தின் கத்தோலிக்கருக்குத் தேசியத் திருத்தலமாகத் திறக்கப்பட்டது. வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் அதன் வாசலில் மெழுகுவர்த்தி ஏற்ற இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

ஆகவே, இந்த நாட்டின் வாக்காளர்களாகிய நம் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் தொகுதி பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்பது பொருட்டல்ல. புதுக் கட்டடத்துக்குச் சுழியம், பழைய கட்டடத்தின் பழுதுக்கு இருபது என்ற இந்த விதியை அவர் ஆதரிக்கிறாரா என்று கேளுங்கள். ஆம் என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை ஐப்பசிக்கு முன் செய்யுங்கள். இலைகள் உதிரத் தொடங்கிவிடும்.