பின்னால் நின்று பார்த்த ஓவியன்

நம் கலையில் குதிரைகள் எல்லாம் யாருக்காகவோ நிற்பவை. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் கல்லிலே துள்ளும் குதிரைகள் வீரர்களைச் சுமக்கின்றன. ஊரெல்லையிலுள்ள மண்குதிரை அய்யனாருக்காகக் காத்திருக்கிறது. சென்னைத் தீவுத்திடலருகே 1839-ல் நிறுவப்பட்ட மன்றோ சிலையைச் சொல்லவே வேண்டாம். "அங்கவடி இல்லையே!" என்று தலைமுறை தலைமுறையாக வியக்கிறோம். (சிற்பி சான்ட்ரீ வெலிங்டனையும் அப்படித்தான் அமர்த்தினார். அது மறதியன்று, அவர் வழக்கம்.) அங்கவடியைத் தேடிய கண்களுக்குக் குதிரை தெரிந்ததா?

நூலகத்தில் ஓர் ஓவியநூலைப் புரட்டியபோது பிரெஞ்சு ஓவியர் தியோடோர் ஜெரிக்கோவின் படமொன்று கண்ணில் பட்டது. பாரிஸின் லூவர் அரங்கிலுள்ள படம் அது. இருண்ட லாயம். அதில் ஐந்து குதிரைகளின் பின்புறம் மட்டும்! அரசனில்லை, போரில்லை. முதுகுச் சரிவும் தொடைத் தசையும் வாலும்தான் படம். உடனிருந்த நண்பர் சிரித்தார்: "முகம் காட்டாததும் ஓர் ஓவியமா?"

ஓவியந்தான் என்பேன். 1819-ல் 'மெதூசாவின் தெப்பம்' வரைந்து புகழ்பெற்ற அதே கைதான் இதையும் வரைந்தது. குதிரைமேல் அவருக்கிருந்த பித்து சொல்லி முடியாது. குதிரையிலிருந்து விழுந்த காயங்களும் சேர்ந்தே அவரை 1824-ல், 32 வயதில், கொண்டுபோயின. அவரும் தவறியதுண்டு. 1821-ல் வரைந்த எப்சம் பந்தயத்தில் நான்கு கால்களையும் முன்னும் பின்னும் நீட்டிக் குதிரைகள் பறக்கின்றன. எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை என்று 1878-ல் மைபிரிட்ஜின் புகைப்படங்கள் காட்டிவிட்டன. ஓட்டத்தில் ஏமாந்த கண், லாயத்தில் ஏமாறவில்லை.

எனக்கு இதில் ஒரு சொந்த வழக்கும் உண்டு. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்களோடு வாழும் தாத்தா, இளமையில் தாம்பரம் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். வண்டிக்காரன் நாளெல்லாம் பார்ப்பது குதிரையின் பின்புறத்தைத்தானே! இடுப்பு ஏறி இறங்குவதைக் கொண்டே எந்தக் கால் நோகிறதென்று சொல்வார். நிற்கும் குதிரை பின்னங்கால் ஒன்றைத் தளர்த்திக் குளம்பு நுனியை ஊன்றினால் இளைப்பாறுகிறது என்று அறிந்து, சவாரி வந்தாலும் சற்றுப் பொறுப்பாராம். இந்த அறிவுக்கு நம் சிற்பத்தில் இடமில்லாமல் போயிற்றே என்பதுதான் என் குறை.

படத்தைத் தாத்தாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "வரைஞ்சவன் வண்டிக்காரனா?" என்றார்.

"இல்லை தாத்தா, வசதியான வீட்டுப் பிள்ளை."

"அப்படியா? லாயத்துல ரொம்ப நாள் கிடந்திருக்கான்."