மேடைக்குப் பின்னால் ஓர் அமானிதம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட நாள்களில், ஓர் இசை நாடகம் மேடையேறுகிறது. அந்நாட்டில் குடியேறி வாழும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில், பிள்ளை ஒன்பதாம் வகுப்பை எட்டியதும் இந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்துவிடுகிறது: "வாப்பா, நாடகக் குழுவில் நானும் சேரட்டுமா?"

கேட்ட மாத்திரத்தில் இரண்டில் ஒரு பதில் பிறக்கிறது. "பாட்டும் கூத்தும் நமக்கு எதற்கு?" என்பது ஒன்று. "எல்லாப் பிள்ளைகளும் போகிறார்கள், போகட்டுமே" என்பது மற்றொன்று. முன்னதைச் சொல்பவர் மார்க்கப் பற்று உடையவர் என்றும், பின்னதைச் சொல்பவர் பரந்த மனத்தினர் என்றும் பெயர் பெறுகின்றனர். ஆனால் அந்த அரங்கத்தினுள் என்ன நடக்கிறது, தம் பிள்ளை அங்கே எந்த வேலையைச் செய்யப் போகிறது என்று கேட்டறிந்தவர்கள் இரு சாராரிலும் குறைவு. கேட்காமலே தடுப்பதும் கேட்காமலே விடுவதும் பெற்றோர் தம் பொறுப்பைக் கைகழுவும் இரு வழிகள் என்றே நாம் கருதுகிறோம்.

உள்ளே நடப்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். பள்ளிகள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் நாடகங்களுள் ‘மேரி பாப்பின்ஸ்’ ஒன்று. பி.எல். டிராவர்ஸ் எழுதிய கதைகளையும் 1964-இல் வெளிவந்த திரைப்படத்தையும் தழுவிய இந்நாடகம், 2004-இல் லண்டனிலும் 2006-இல் நியூயார்க்கின் பிராட்வேயிலும் மேடையேறியது. வங்கி வேலையே உலகம் என்றிருக்கும் ஒரு தந்தை, பிள்ளைகளைக் கவனிக்க வந்த ஒரு பெண்மணியின் வருகையால் தம் குடும்பத்தை நோக்கித் திரும்புவதுதான் கதை. கதையில் மாயம் வருகிறதே என்று தயங்குவோர் உண்டு. அந்தத் தயக்கத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் மேடையில் அந்த மாயத்தை நிகழ்த்துவது தச்சு வேலையும் கயிறும் கணக்கும் மட்டுமே என்பதை அறிந்துகொண்டால் தயக்கத்தின் அளவு மாறக்கூடும்.

அந்தப் பெண்மணி குடை பிடித்தபடி வானில் பறக்க வேண்டும். சிறிய கைப்பைக்குள்ளிருந்து ஆளுயரத் தொப்பித் தாங்கியை வெளியே எடுக்க வேண்டும். பார்வையாளரின் கண்முன்னே ஒரு சமையலறை முழுவதும் சரிந்து விழுந்து, சில நிமிடங்களில் தானாகவே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். பைக்கு அடியிலும் அது வைக்கப்படும் மேசையின் பலகையிலும் துளையிட்டு, மேசைக்குள் ஒளிந்திருப்பவர் பொருளை மேலே தள்ளுவது வழக்கமான உபாயங்களுள் ஒன்று. சமையலறையின் அலமாரித் தட்டு ஒவ்வொன்றும் கீலில் தொங்கும். மறைவாக ஓடும் கயிற்றை ஒரு மாணவர் உரிய நொடியில் விட்டு, உரிய நொடியில் இழுக்கிறார். ஒரு நொடி பிந்தினால் மாயம் கலைந்து சிரிப்பாகிவிடும்.

சிரிப்போடு போவது சமையலறை. உயிரோடு விளையாடுவது மேலே தொங்கும் பாரம். வசதியுள்ள பள்ளி அரங்கங்களில் மேடைக்கு மேல் இரும்புக் குழாய்கள் வரிசையாகத் தொங்குகின்றன. வீதிக் காட்சி, வீட்டுக் கூரை, திரைச்சீலை என எல்லாம் அக்குழாய்களில் கட்டப்பட்டு மேலே ஏறி இறங்குகின்றன. குழாயில் எவ்வளவு பாரம் உண்டோ, அதே அளவு இரும்புக் கட்டிகள் மறுமுனையில் ஒரு சட்டத்தில் அடுக்கப்படும். இரு பக்கமும் சமமாக இருக்கும்வரை பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு கையால் கயிற்றை இழுத்து நூறு கிலோவுக்கு மேற்பட்ட காட்சித் திரையை ஏற்றிவிடலாம். சமம் குலைந்தால் எவர் கையாலும் அதை நிறுத்த முடியாது. ஆகவே ஒரு விதி: ஏற்றும்போது முதலில் குழாயில் காட்சியைக் கட்டு, பிறகு எடைக்கட்டிகளை வை, இறக்கும்போது முதலில் எடைக்கட்டிகளை எடு, பிறகு காட்சியை அவிழ். இவ்வரிசையை மாற்றிக் காட்சியை முதலில் அவிழ்த்துவிட்டால், எடைச் சட்டம் கீழ்நோக்கிப் பாயும். குழாய் மேலே பறக்கும். இடையில் நிற்பவர்களின் கதி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தியை நாம் ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். கயிற்றைப் பூட்டிவிட்டோமா என்று இருமுறை பார்த்த பிறகே கையை எடுக்கும் ஒரு மாணவிக்கு அந்தச் செய்தி பயானில் கேட்டதைவிட ஆழமாகப் பதியும் என்று நாம் நம்புகிறோம். நடிகரைப் பறக்கவிடும் வேலையோ இதனினும் கடுமையானது. அதற்கெனவே தொழில் நடத்தும் நிறுவனங்கள் உண்டு. பீட்டர் ஃபாய் என்பவர் 1957-இல் தொடங்கிய நிறுவனம் அவற்றுள் புகழ்பெற்றது. பள்ளிகள் இத்தகையோரை அமர்த்திக்கொள்கின்றன. அவர்கள் வந்து கம்பியும் வார்ப்பட்டையும் பொருத்தி, இயக்குபவர்களைப் பழக்கிவிட்டுச் செல்கின்றனர். அதன் பிறகு, மேலே தொங்கும் தோழியின் உயிர் கீழே கயிறு பிடித்திருப்பவரின் கையில். அமானிதம் என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை மதரஸாப் பாடநூலிலும் காண்பது அரிது.

இவையனைத்தையும் ஒருங்கிணைப்பவர் மேடை மேலாளர். பெரும்பாலும் அவரும் ஒரு மாணவரே. காதில் ஒலிவாங்கியோடு அமர்ந்து, விளக்கு மாற்றம், திரை மாற்றம், ஒலி என ஓர் இரவில் நூற்றுக்கணக்கான ஆணைகளை அவர் வழங்குகிறார். முதலில் ‘ஸ்டாண்ட்பை’ என்பார். பிறகு ‘கோ’ என்பார். அந்த இரண்டாம் சொல் காதில் விழும்வரை, தமக்குச் சரி என்று பட்டாலும் எவரும் கைவைக்கக் கூடாது. ஆகவே அந்தச் சொல்லை இணைப்பில் வேறு பேச்சுக்கு எவரும் பயன்படுத்துவதில்லை. இமாமை முந்தி ருகூவுக்குச் செல்லாதீர்கள் என்று நம் பிள்ளைகளுக்குச் சிறுவயது முதல் சொல்லி வருகிறோமே, அந்தப் பழக்கம் இங்கே எத்தனை இயல்பாகக் கைகொடுக்கும்!

இனி இசையைப் பற்றி. நாம் ஃபத்வா வழங்கும் இடத்தில் இல்லை. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் இசைக்கருவிகளைத் தடுத்தே வந்துள்ளனர் என்பதும், இப்னு ஹஸ்ம் போன்றோர் மாறுபட்டனர் என்பதும், இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில் இதற்கெனத் தனிப் பகுதி எழுதி நிபந்தனைகளோடு பேசினார் என்பதும் தெரிந்த செய்திகளே. தடை என்று ஏற்றிருக்கும் குடும்பம் அதிலேயே நிற்கட்டும். அது அவர்களின் தக்வா. நம் குறை வேறு. கல்யாண வீட்டில் முழு வாத்தியங்களோடு நாகூர் ஹனீஃபாவின் பாடல்களை ஊர் கேட்க ஒலிக்கவிடும் நாம், பள்ளி அரங்கில் வயலின் ஒலித்தால் மட்டும் மார்க்கத்தை நினைவுகூர்வதைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நாடகம் என்னும் சொல்லையே அஞ்சி ஒதுக்குவோர், வள்ளல் சீதக்காதியைப் போற்றும் ‘சீதக்காதி நொண்டி நாடகம்’ நம் இலக்கிய வரிசையில் மதிப்போடு வைக்கப்பட்டிருப்பதை எண்ணிப் பார்க்கலாம். பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டியும் கேடயமும் ஏந்தி விளையாடியதை, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தாமாகச் சலிப்படையும்வரை நபி (ஸல்) அவர்கள் நின்று காட்டினார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி. இதைக் கொண்டு எல்லா மேடையும் ஆகும் என்று நாம் வாதிடவில்லை. பார்க்கத்தக்கது எது, பார்க்கத்தகாதது எது என்று உடன் நின்று காட்டுவதே வழிமுறை என்பதுதான் நாம் அதில் காண்பது.

அப்படி உடன் நின்றால், கேள்வி ஒன்றாக இருக்காது. நடனத்தில் கைகோத்து ஆடும் பாத்திரம் வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர், விளக்குப் பலகையை இயக்கும் வேலைக்கும் அதே மறுப்பைச் சொல்ல வேண்டியதில்லை. இசையே கூடாது என்போரும் காட்சி அமைக்கும் தச்சு வேலையைத் தனியாக வைத்துத் தம் ஆலிமிடம் கேட்கலாம். ஹயா பற்றிய நுணுக்கமான இடங்களும் உண்டு. பாடுபவர் ஒவ்வொருவருக்கும் ஆடைக்குள் வயர்லெஸ் மைக் பொருத்தப்படும். அதன் பெட்டி இடுப்பிலோ முதுகிலோ கட்டப்பட்டு, கம்பி உடையின் உட்புறமாக மேலே வரும். பெண் பிள்ளைக்கு அதைப் பொருத்துபவர் யார்? மேடை ஓரத்து இருட்டில் அரை நிமிடத்தில் உடை மாற்றும் இடம் மறைக்கப்பட்டிருக்கிறதா? பெண்ணுக்குப் பெண்ணே பொருத்த வேண்டும், மறைப்பு வேண்டும் என்று கேட்டால் நாடக ஆசிரியர்கள் வியப்படைய மாட்டார்கள்; முஸ்லிமல்லாத தாய்மார்களும் கேட்கும் கேள்விதான் அது. (மைக்குகளும் பள்ளிகளுக்குச் சிறிய செலவல்ல. 600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதியில் வயர்லெஸ் மைக் இயக்கக் கூடாது என்னும் அமெரிக்க அரசின் விதி 2020 ஜூலையில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, அந்த அலைவரிசையில் இயங்கிய பழைய கருவிகள் பயனற்றுப் போயின. நன்கொடை கேட்டுப் பள்ளி அனுப்பும் மடலைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.)

எல்லாவற்றிலும் அவசரமான செய்தி ரமலான். 2024-இல் மார்ச் 11-ஐ ஒட்டியும், 2025-இல் மார்ச் முதல் நாளை ஒட்டியும் நோன்பு தொடங்கியது. 2026-க்கு அது பிப்ரவரி 18-ஐ ஒட்டியும், 2027-க்கு பிப்ரவரி 8-ஐ ஒட்டியும் அமைகிறது. இசை நாடகத்தின் உச்சக்கட்ட ஒத்திகைகள் நடைபெறும் அதே வாரங்கள்! வழக்கமான ஒத்திகை பள்ளி விட்டதும் தொடங்கி மாலையில் முடியும். மேடையேற்றத்துக்கு முந்தைய வாரமோ இரவு ஒன்பது பத்து மணிவரை நீளும். நியூஜெர்சியில் மார்ச் முதல் வாரம் ஆறு மணிக்குச் சற்று முன்னர் வரும் மஃரிப், இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளியதும் ஏறக்குறைய ஏழு மணிக்குப் போய்விடுகிறது. முதல் வாரம் ஒத்திகை முடிந்து வீட்டில் நோன்பு திறந்த பிள்ளை, அடுத்த வாரம் விளக்குகள் எரியும் மேடையின் ஓரத்தில் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க நேர்கிறது. இஷாவும் தராவீஹும் அதன் பிறகு. சஹருக்கு எழுந்து, ஏழு மணிக்குப் பள்ளிப் பேருந்து.

நோன்பு நோற்பதில் நம் பிள்ளைகள் மனவலிமை மிக்கவர்கள். அதனாலேயே சோர்வைச் சொல்ல மாட்டார்கள். பதின்மூன்று மணி நேரம் தண்ணீர் அருந்தாத ஒரு மாணவர், மாலை ஆறரை மணிக்கு உயரத்து நடைபாதையில் நின்று பத்துக் கிலோ இரும்புக் கட்டிகளை அடுக்குவது வீரமன்று. கீழே நிற்பவர்களுக்கு இழைக்கப்படும் ஆபத்து. அம்மாதம் முழுவதும் அவருக்கு விளக்குப் பலகையோ ஒலிப் பலகையோ ஒதுக்கப்படட்டும். எடையேற்றும் வேலையை நோன்பில்லாத ஒருவர் செய்யட்டும். இதைக் கேட்கப் பிள்ளை கூசும். ‘ஆகாது’ என்று ஆசிரியர் முடிவெடுத்துப் பொறுப்பிலிருந்தே நீக்கிவிடுவாரோ என்னும் அச்சம் அதற்கு உண்டு. ஆகவே கேட்க வேண்டியவர்கள் பெற்றோரே. இடைவேளையை மஃரிபோடு பொருத்துவதும், பத்து நிமிடம் தொழ ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுவதும் ஆசிரியருக்குப் பெரும் சுமையல்ல. அரசுப் பள்ளியில் மாணவர் தம் ஓய்வு நேரத்தில் தாமாகத் தொழுவதற்கு அந்நாட்டுச் சட்டத்தில் பாதுகாப்பும் உண்டு. ஆனால் மேடையேற்றத்துக்கு முந்தைய திங்கட்கிழமை மாலை கேட்டால், நல்ல மனம் படைத்த ஆசிரியரும் திகைத்துத்தான் போவார்.

"வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்த வீடுகளில் என்ன நடக்கிறது என்பதையும் பேச வேண்டும். ‘நூலகத்தில் படிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு அரங்கத்துக்குச் செல்லும் பிள்ளைகள் உண்டு. அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் பெயரைச் சுருக்கிப் போடச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. மூன்று மாத உழைப்பு முடிந்து, திரை விழுந்து, மற்றப் பிள்ளைகளின் தாய் தந்தையர் பூங்கொத்தோடு வாசலில் நிற்கையில், நம் பிள்ளை பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறுகிறது. இசையைத் தடுத்துவிட்டோம் என்று நாம் நினைத்திருக்க, வீட்டுக்குள் பொய் குடியேறிவிடுகிறது. பொய்யைப் பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இல்லை.

வாப்பாமார்களுக்கும் உம்மாமார்களுக்கும் அங்கே வேலை உண்டு. பல பள்ளிகளில் சனிக்கிழமைகளில் காட்சி அமைக்கப் பெற்றோரை அழைக்கிறார்கள். மரம் அறுக்க, வண்ணம் பூச, துணி தைக்க ஆள் தேவை. நம்மில் தையல் தெரிந்தோர் எத்தனை பேர்! ஒரு சனிக்கிழமை காலை அங்கே சுத்தியல் பிடித்து நின்றால், யாரோடு நம் பிள்ளை பழகுகிறது, எந்த மூலையில் தொழ இடம் உண்டு, எந்தக் காட்சி நமக்கு ஒவ்வாது என்பதெல்லாம் தானே தெரிந்துவிடும். ஒவ்வாத காட்சி இருந்தால் அந்த ஆண்டு வேண்டாம் என்று சொல்லும் தகுதியும் அப்போதுதான் கிடைக்கும். அந்த மறுப்பைப் பிள்ளையும் மதிக்கும்.

நோன்பு ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, 2030-இல் ஜனவரித் தொடக்கத்துக்குச் சென்றுவிடும். அதுவரை இந்த மோதல் தொடரும். எந்த நாடகம், எந்த வாரம் என்பதைப் பல பள்ளிகள் முந்தைய கல்வியாண்டு முடியுமுன்பே தீர்மானித்துவிடுகின்றன. நாடக ஆசிரியருக்கு நோன்பு நாள்களைக் குறித்து எழுத வேண்டிய மாதம் மே; நடிகர் தேர்வு முடிந்து அட்டவணை ஒட்டப்படும் டிசம்பர் அன்று.