காட்டம் என்றால் என்ன?

மொழிபெயர்ப்பாளனுக்கு வருகிற வேலையில் பாதி, அவன் தேடிப் போகாதது. சென்ற மாதம் அப்படி ஒரு ஆங்கிலக் கட்டுரை வந்து சேர்ந்தது. கறுத்த, காட்டமான பைப் புகையிலைகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்து, எது எப்படி என்று ஒப்பிடும் கட்டுரை. எழுதியவர் பெரிய ரசிகர். ஒன்றில் உலர்ந்த பிளம்ஸ், இன்னொன்றில் பழைய தோல், மூன்றாவதில் குளிர்காலத்துக் கணப்பு என்று வர்ணித்துக்கொண்டே போகிறார். அதை அப்படியே தமிழில் எழுதினால் செருப்புக் கடை வாசனைதான் வருகிறது. மூன்று நாள் மல்லாடிவிட்டு, காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு ஏர்பேட்டுக்கு ரயிலேறினேன். அங்கே மாமா இருக்கிறார்.

ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் இடையில் இருக்கிறது ஏர்பேடு. 2022 வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். முன்பெல்லாம் ஊர் பெயரைச் சொன்னால் மலையாள சுவாமி 1926இல் நிறுவிய வியாசாசிரமத்தைச் சொல்வார்கள். இப்போது ஐ.ஐ.டி.யைச் சொல்கிறார்கள். மாமா வீட்டில் தெலுங்கில் ஆரம்பிக்கிற வாக்கியம் தமிழில் முடியும். யாரும் அதைக் கவனிப்பதில்லை.

அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷம் சுருட்டு பிடித்தவர். அவர் பாஷையில் 'சுட்டா'. ஆறு வருஷத்துக்கு முன் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் ஆறாமல் நின்றது. சென்னையில் ஆபரேஷன், பிறகு கதிர்வீச்சு. பிழைத்துக்கொண்டார். ஆனால் நாக்கில் ருசி போய்விட்டது. பேச்சு கொஞ்சம் குழறும். இந்த மனிதரிடம் புகையிலை ருசி பற்றிக் கேட்கலாமா என்று வழியெல்லாம் தயங்கினேன். அவரோ கட்டுரையைக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார்.

"இதுல என்னடா கஷ்டம் மாப்ளே? காரம் வேற, காட்டம் வேற, கிறக்கம் வேற. காரம் நாக்குல. காட்டம் தொண்டையில. கிறக்கம் தலையில. மூணும் ஒரே இலையில இருக்கணும்னு ஒண்ணும் இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆங்கிலக்காரர் இரண்டு பக்கத்தில் பிரித்துக் காட்ட முயன்றதை மாமா ஒரு மூச்சில் முடித்துவிட்டார். பைப் பிடிப்பவர்களும் இந்த மூன்றையும் வேறுபடுத்துகிறார்கள். நாக்கைக் கடிக்கும் எரிச்சல் ஒன்று. வாயிலும் தொண்டையிலும் நிறைகிற புகையின் கனம் ஒன்று. நிகோடின் வேகம் ஒன்று. நிறத்துக்கும் இந்த வேகத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பதில்லை.

சிரியாவின் துறைமுகம் ஒன்றின் பெயர் தாங்கிய லடாக்கியா புகையிலை நல்ல உதாரணம். இப்போது பெரும்பாலும் சைப்ரஸிலிருந்து வருகிறது. வாசனைக் கட்டைகளையும் செடிகளையும் எரித்து, அந்தப் புகையிலேயே பதப்படுத்துவதால் கரியாகக் கறுத்துவிடும். டப்பாவைத் திறந்தாலே புகைமூட்டம் போட்ட வாசனை. ஆனால் நிகோடின் குறைவு. மாமா கணக்கில் காட்டம் உண்டு, கிறக்கம் இல்லை. அமெரிக்காவின் கென்டக்கியிலும் டென்னஸ்ஸியிலும் கட்டைத் தீயில் புகையூட்டப்படும் கறுப்பு இலை அப்படியல்ல. அதில் இரண்டும் உண்டு. லூசியானா மாநிலத்தின் பெரீக், பீப்பாய்களில் திணித்து, அழுத்தம் கொடுத்து, மாதக்கணக்கில் புளிக்கவைக்கப்படுவது. கட்டுரையாளருக்குப் பிளம்ஸ் வாசனை அடித்தது இதில்தான். இதைத் தனியாகப் பிடிப்பவர்கள் குறைவு. மற்ற இலைகளோடு ஒரு சிட்டிகை கலப்பார்கள்.

"கறுப்பா இருந்தா ஜோரா இருக்கும்னு நெனைக்காதே. கருப்பட்டித் தண்ணி தெளிச்சாலும் இலை கறுக்கும்" என்றார் மாமா. உண்மைதான். புகையூட்டும் வித்தைக்காக நாம் சைப்ரஸ் வரை போகவேண்டியதும் இல்லை. யாழ்ப்பாணத்தில் தேங்காய் மட்டையை எரித்து அந்தப் புகையில் புகையிலையைப் பதப்படுத்துவார்கள். அதை வாங்கி மென்ற சந்தை, கடல் தாண்டிய திருவிதாங்கூர்.

மாமா பிடித்தது லங்கைப் புகையிலை. இலங்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தெலுங்கில் 'லங்கா' என்றால் ஆற்றிடைத் தீவு. கோதாவரியின் தீவுகளில், வெள்ளம் விட்டுச் செல்லும் வண்டலில் விளைவது. குண்டூர், பிரகாசம் பக்கத்து வர்ஜீனியா இலையைச் சூளைக் கொட்டகையில் சூடேற்றிப் பதப்படுத்துவார்கள். அதில் சர்க்கரை தங்கிவிடும், புகை அமிலத்தன்மையோடு இருக்கும். அது சிகரெட்டுக்குப் போகிறது. லங்கை இலை காற்றில் மெல்ல உலர்வது. இப்படி உலரும் இலையில் சர்க்கரை கரைந்துபோய், புகை காரத்தன்மைக்கு மாறுகிறது. அந்தப் புகையிலுள்ள நிகோடின் வாயின் சவ்வு வழியாகவே ரத்தத்தில் இறங்கிவிடும். நெஞ்சுக்குள் இழுக்கவே வேண்டாம். சுருட்டும் பைப்பும் பிடிப்பவர்கள் "நான் உள்ளே இழுப்பதில்லை" என்று பெருமையாகச் சொல்வதன் ரகசியம் இதுதான்.

வார்த்தைகளின் கதையும் சுவையானது. ஆங்கிலத்தின் 'ஷெரூட்', நம் 'சுருட்டு' கப்பலேறிய வடிவம். திருச்சி உறையூர்ச் சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் வெள்ளைக்காரர்களின் மேஜைக்குப் போன காலம் ஒன்று இருந்தது. 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்பதைச் சாம்பலை வைத்தே துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். நம் புலவர்களும் சளைத்தவர்களில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பி, 'புகையிலை விடு தூது' பாடினார். முதுகலை வகுப்பில் அதைப் படித்துச் சிரித்திருக்கிறோம். தெலுங்கில் குருஜாட அப்பாராவின் 'கன்யாசுல்கம்' நாடகத்தில் வரும் கிரீசம், சுருட்டு மகிமைக்குச் செய்யுளே வைத்திருக்கிறான். முனீஸ்வரனுக்கும் கறுப்பசாமிக்கும் இன்றும் சுருட்டுப் படையல் உண்டு. தமிழன் பீடியைக் 'குடிக்கிறான்'. தெலுங்கன் சுட்டாவைக் 'கால்ச்சுகிறான்', அதாவது எரிக்கிறான். மாமாவுக்கு இரண்டும் சரி. "குடிச்சது நானு, எரிஞ்சது வாயி" என்கிறார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதத் தோன்றியது.

பெட்டியிலிருந்து பழைய தகர டப்பா ஒன்றை எடுத்தார். உள்ளே ஒரு சுட்டா, ஆபரேஷனுக்கு முன்னால் வாங்கியது. பற்றவைக்க அல்ல. இலையை விரலால் தடவி, "இது அடி இலை இல்ல, நடு இலை. நரம்பு பார்" என்றார். மூக்கருகே கொண்டுபோனார். ருசி போனாலும் வாசனை கொஞ்சம் மிச்சமிருக்கிறதாம். மாமி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மாமா டப்பாவை மூடி வைத்தார்.

வட ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் பக்கத்தில், எரியும் நுனியை வாய்க்குள் வைத்துச் சுட்டா பிடிக்கும் பெண்கள் உண்டு. அவர்களது மேலண்ணத்தில் வரும் புண்களையும் புற்றையும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கிராமம் கிராமமாகப் போய்ப் பதிவு செய்திருக்கிறார்கள். நாட்டில் வயது வந்தவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவத்தில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள் என்றது 2016-17இன் தேசிய ஆய்வு. அவர்களில் பைப் பிடிப்பவர் அபூர்வம். 'பழைய தோல், உலர்ந்த பிளம்ஸ்' என்று குறிப்பெழுதுகிறவர் அதைவிட அபூர்வம். மற்றவர்களுக்கு அது ருசியா என்று யாரும் கேட்பதில்லை. பழக்கம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் காரம், காட்டம், கிறக்கம் என்று இவ்வளவு துல்லியமாகப் பிரித்தறிந்த நாக்கு, தண்டவாளத்தில் சம்மட்டி பிடித்த ஒருவருடையது. அந்த நாக்கைத்தான் புகையிலை வாங்கிக்கொண்டது.

ராத்திரி மாமாவுக்கு முழுக் கட்டுரையையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவருடைய மூன்று சொற்களையும் அங்கங்கே பொருத்தியிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஓரிரு இடத்தில் "ஆமா, ஆமா" என்றார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கான். பத்தவைக்கிறப்ப எப்படி, பாதியில எப்படி, முடியறப்ப எப்படின்னு எல்லாம் சொல்றான். மறுநாள் காலையில வாய் எப்படி இருந்திச்சுன்னு எழுதலியே?"

மூலத்தில் இல்லாததைச் சேர்க்க மொழிபெயர்ப்பாளனுக்கு உரிமை கிடையாது. கட்டுரையை உள்ளபடியே அனுப்பிவிட்டேன். விட்டுப்போன அந்த வரிக்காக இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.