கைதட்டியவன் கேட்கிறான்

புகழின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து சரிந்த ஓர் ஆட்டக்காரரைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். கோதமங்கலத்து ஸ்ரீசாந்தைத்தான் சொல்கிறேன். பழங்கதை எதற்கு என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் உண்டு. கதை பழையதாக இருக்கலாம். அதை வைத்து நம் விடுதியில் நடக்கும் வாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை. "நீதிமன்றமே விடுவித்துவிட்டது, உனக்கு மட்டும் என்ன கோபம்?" என்று என்னைக் கேட்கிறார்கள். விடை சொல்லும் கடமை எனக்கு உண்டு. அவருக்காகக் கை சிவக்கத் தட்டியவர்களில் நானும் ஒருவன் அன்றோ!

என் ஊர் உதியன்குளங்கரை. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் கிடக்கும் ஊர். 1956 நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. களியக்காவிளைச் சந்தைக்குப் போனால் தமிழ்நாடு, திரும்பினால் கேரளம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். அங்கே போனால் "மலையாளத்தான்" என்பார்கள். இங்கே இருந்தால் "பாண்டிக்காரன்" என்பார்கள். இத்தகைய ஊர்ப் பிள்ளைகளுக்கு, எந்தப் பக்கத்தாரோடும் சேர்ந்து நின்று "நம்மவர்" என்று கூவுவதற்கு ஒரு வீரர் கிடைத்தால் எப்படி இருக்கும்! அதை எல்லைக்கு அப்பால் பிறந்தவர்கள் அவ்வளவு எளிதில் உணரமாட்டார்கள்.

கேரளம் கால்பந்துக்குப் பேர்போனது. கேரள அணியிலிருந்து டெஸ்ட் ஆட்டத்துக்குப் போனவர்களில் டினு யோகன்னானுக்கு அடுத்தவர் ஸ்ரீசாந்த். 2006 டிசம்பரில் ஜோகனஸ்பர்க் நகரில் 40 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட்டுகளைச் சாய்த்தார். தென்னாப்பிரிக்கா 84 ஓட்டங்களில் சுருண்டது. அந்நாட்டு மண்ணில் இந்தியா வென்ற முதல் டெஸ்ட் அதுவே. பந்தின் தையல் சற்றும் சாயாமல் நிமிர்ந்தபடியே வரும். தரையில் பட்ட பிறகுதான் எந்தப் பக்கம் போகும் என்று தெரியும். அதே ஆட்டத்தில், தம்மைச் சீண்டிய ஆந்த்ரே நெல்லின் பந்தைச் சிக்சருக்குத் தூக்கிவிட்டு, மட்டையைச் சுழற்றிக்கொண்டு ஆடினாரே ஓர் ஆட்டம்! எங்கள் ஊர்ப் பையன்கள் தென்னை மட்டையை வைத்துக்கொண்டு அதையே வெகு காலம் ஆடித் திரிந்தோம்.

பிறகு 2007 செப்டம்பர் 24. மீண்டும் ஜோகனஸ்பர்க், உலகக் கோப்பை இறுதி ஆட்டம், கடைசி ஓவர். பாகிஸ்தானுக்கு வேண்டியது 4 பந்துகளில் 6 ஓட்டங்கள். மிஸ்பா உல் ஹக் பின்பக்கமாகத் தூக்கிய பந்து வானத்தில் ஏறி, ஸ்ரீசாந்தின் கையில் இறங்கிற்று. எனக்கு அப்போது ஏழு வயது. தெருவில் வெடி வெடித்தது. யார் தமிழர், யார் மலையாளி என்று அன்று எவரும் கேட்கவில்லை.

2013 மே 16 அன்று டில்லிப் போலீசார் அவரை மும்பையில் கைது செய்தார்கள். மே 9 அன்று மொகாலியில் நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தில், ஓர் ஓவரில் 14 ஓட்டங்கள் கொடுப்பதாகச் சூதாடிகளிடம் ஒப்புக்கொண்டார், இடுப்பில் துண்டைச் செருகியது அதற்கான சைகை என்பது குற்றச்சாட்டு. கொடுத்தது 13 ஓட்டங்கள். செப்டம்பரில் கிரிக்கெட் வாரியம் ஆயுள் தடை விதித்தது. 2015 ஜூலையில் டில்லி நீதிமன்றம் அவரையும் மற்றவர்களையும் வழக்கிலிருந்து விடுவித்தது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆயுள் தடை மிகை என்று அதை நீக்கி, தண்டனையை மறுபடி முடிவு செய்யுமாறு வாரியத்துக்குச் சொல்லிற்று. அவர் குற்றம் புரிந்தார் என்ற வாரியத்தின் முடிவில் மட்டும் தலையிடவில்லை. தடை ஏழாண்டாகக் குறைந்து, 2020 செப்டம்பரில் முடிந்தது.

எனவே, "விடுவித்துவிட்டார்கள்" என்பது பாதி உண்மை. நான் அந்தப் பாதியையும் மறுக்கவில்லை. துண்டு துண்டாகவே இருந்திருக்கலாம். ஆட்டக்காரன் வியர்வை துடைப்பதும் குற்றமா? போலீசார் கொடுமைக்கு அஞ்சியே ஒப்புக்கொண்டேன் என்று அவர் சொன்னதையும் ஏளனம் செய்யமாட்டேன். நம் நாட்டுக் காவல் நிலையங்களை அறியாதவனா நான்? என் மனத்தை மாற்றியது வேறொன்று. விசாரணையின்போது உச்ச நீதிமன்றமே கேட்ட கேள்வி அது: சூதாடிகள் பக்கத்திலிருந்து அணுகினார்கள் என்றால், அதை ஏன் உடனே வாரியத்துக்கு அறிவிக்கவில்லை?

அன்று தொட்டு இன்றுவரை எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. நெல்லை எதிர்த்து நெஞ்சு நிமிர்த்தியவருக்கு, ஒரு கடிதம் எழுதவா துணிவில்லை? அந்த மௌனந்தான் என்னை வருத்திற்று. நீதிமன்றம் ஒருவருக்குச் சிறையிலிருந்து விடுதலை தரலாம், ஆடும் உரிமையைத் திருப்பித் தரலாம். என் கைதட்டல் நீதிமன்றத்தின் கையில் இல்லை.

"பெரிய முதலைகள் தப்பிவிட்டன, ஏழைக் குஞ்சு அகப்பட்டது" என்று என் அறைத் தோழர் சொல்வார். அவர் மலையாளி. அவர் வாயடைக்க என்னால் இயலாது. ஏனெனில் அதில் நியாயம் இருக்கிறது. அதே 2013 ஆட்டங்களில் பந்தயம் கட்டினார் என்று குருநாத் மெய்யப்பனை உச்ச நீதிமன்றம் அமைத்த குழு குறிப்பிட்டது. 2015-ல் லோதா குழு சென்னை அணியையும் ராஜஸ்தான் அணியையும் ஈராண்டு விலக்கி வைத்தது. தண்டனை முடிந்து 2018-ல் சென்னை அணி திரும்பியபோது நம் தமிழ்நாட்டார் என்ன செய்தார்கள்? காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்கு மாறியதும், தனி ரயிலில் மஞ்சள் சட்டை அணிந்து போனார்கள். மஞ்சள் சட்டைக்கு ஒரு நீதி, கோதமங்கலத்தானுக்கு ஒரு நீதியா? இதைக் கேட்கும் மலையாள நண்பர்களுக்கு நாம் சொல்லக்கூடிய விடை ஏதுமில்லை. ஆனால் அந்தக் குற்றத்தால் இந்தக் குற்றம் கழுவப்பட்டுவிடுமா என்ன?

இன்னும் சிலர், வீரனின் சொந்த வாழ்வு நமக்கெதற்கு என்பர். இதை நான் ஒப்புகிறேன், ஓர் எல்லை வரை. 2009-ல் கோல்ப் வீரர் டைகர் உட்ஸின் குடும்ப வாழ்வு சந்தி சிரித்தது. அது அவருக்கும் அவர் மனைவிக்கும் இடையிலுள்ள வழக்கு. அவர் அடித்த பந்து பொய் சொல்லவில்லை. 2019-ல் அவர் மாஸ்டர்ஸ் பட்டத்தை மீண்டும் வென்றபோது மகிழ்வதற்கு எனக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. ஸ்ரீசாந்தின் செய்தி அப்படியா? ஓர் ஓவரில் எத்தனை ஓட்டம் என்பதைப் பந்தும் மட்டையும் முடிவு செய்யும் என்று நம்பித்தானே உட்கார்ந்து பார்க்கிறோம்! அந்த நம்பிக்கையில் ஐயம் விழுந்தால், பிறகு ஒவ்வொரு அகலப் பந்தையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறோம். 2013-க்குப் பிறகு எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு கேட்ச் தவறினால் போதும், "எவ்வளவு வாங்கினானோ!" என்ற குரல் எழும். அந்தக் குரல் இன்னும் நிற்கவில்லை.

2021 ஜனவரியில், 37 வயதில், அவர் கேரளத்துக்காக மீண்டும் பந்து வீசினார். புதுச்சேரிக்கு எதிராக ஒரு விக்கெட்டும் எடுத்தார். தையல் அப்போதும் நிமிர்ந்தே வந்தது. அழகான பந்து என்று மனமாரச் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல நா எழவில்லை.

நம் மன்றத்து விளையாட்டு மலரின் அட்டைக்கு அவருடைய 2007 கேட்சைப் போடலாமா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். போடுங்கள். அந்தப் பிடி நடந்தது உண்மை. ஆனால் படத்தின் கீழே "நம் வீரர்" என்று எழுதவேண்டாம். ஸ்கோர் அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும்: மிஸ்பா உல் ஹக், கேட்ச் ஸ்ரீசாந்த், பந்து ஜோகிந்தர் சர்மா, 43.