வண்டியில் யார் யார் வருகிறார்கள்? சஃபாரிக்குக் காடு தேர்ந்தெடுக்கும் முன் ஒரு மருத்துவரின் கேள்வி

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. திருப்பூரிலிருந்து தெரிந்தவர் ஒருவர் போன் செய்தார்.

"ஏனுங்க டாக்டர், குடும்பத்தோட கென்யா போறோமுங்க. மசாய் மாரா. ஏதோ ஊசி போடணும்னு சொல்றாங்களே, நெசமுங்களா?"

"எத்தனை பேருங்க போறீங்க?"

"ஆறு பேருங்க. நானு, சம்சாரம், பையன், மருமக, ரெண்டு வயசுப் பேரன், அப்புறம் எங்கம்மா. அம்மாவுக்கு 74. மருமக மூணு மாசம் முழுகாம இருக்குதுங்க."

"என்னைக்குங்க கெளம்பறீங்க?"

"வர்ற சனிக்கெழமைங்க. டிக்கெட், ரூம் எல்லாத்துக்கும் காசு கட்டியாச்சு."

எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை.

ஏன்னு சொல்றேன். சஃபாரி ஆசை உள்ள எல்லாரும் கொஞ்சம் பொறுமையா இந்த இழையைப் படிங்க.

முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி.

இந்தியாவிலிருந்து நேராகக் கென்யாவுக்குப் போனால் அந்த நாடு இந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. அதனால் பலர் "ஊசி தேவையில்லை" என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிக்கல் திரும்பி வரும்போதுதான். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வருபவரை இந்திய விமான நிலையத்தில் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தலாம். அந்தப் பட்டியலில் கென்யா இருக்கிறது.

இன்னொன்று, ஊசி போட்ட 10 நாட்கள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும். செவ்வாய்க்கிழமை கேட்டு சனிக்கிழமை கிளம்புகிறவருக்கு என்ன செய்ய முடியும்? அதோடு இந்த ஊசியை நம்ம தெரு கிளினிக்கில் போட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். 2016 முதல் அதுதான் விதி.

இது உயிருள்ள, ஆனால் வீரியம் குறைக்கப்பட்ட வைரஸால் ஆன தடுப்பூசி. கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகத் தவிர்ப்போம். 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போடும்போது, அரிதாகவே என்றாலும், கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களை விட அதிகம். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் எல்லாம் டாக்டரிடம் பேசாமல் போடவே கூடாது.

அடுத்தது மலேரியா. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய விஷயம்.

"மசாய் மாரா உயரமான எடம், ராத்திரி குளுரும், கொசு இருக்காது" என்று பயண ஏஜெண்டே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மாரா சுமார் 1500 முதல் 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கென்யாவில் 2500 மீட்டருக்குக் கீழே உள்ள எல்லா இடங்களுக்கும் மலேரியா தடுப்பு மாத்திரை தேவை என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அம்போசெலி, சாவோ, நகுரு என எந்தப் பூங்காவுக்கு மாறினாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

அங்கே இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபேரம் வகை. மூளை, சிறுநீரகம் என்று வேகமாகத் தாக்கும் வகை. சரியான சிகிச்சை தாமதமானால் ஓரிரு நாளில் ஐசியூ வரை கொண்டுபோய்விடும். ரெண்டு வயதுக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இது இன்னும் ஆபத்து. கருச்சிதைவு வரை போகலாம்.

மாத்திரை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது.

டாக்சிசைக்ளின்: 8 வயதுக்குக் கீழ் கொடுப்பதில்லை, கர்ப்பிணிக்கும் கிடையாது. திரும்பி வந்த பிறகும் 4 வாரம் தினமும் போட வேண்டும்.

அட்டோவாகோன்-ப்ரோகுவானில்: வந்த பிறகு 7 நாள் போட்டால் போதும். குழந்தைக்கு எடை பார்த்துக் கொடுக்கலாம். கர்ப்பிணிக்குப் பரிந்துரைப்பதில்லை.

மெஃப்ளோகுயின்: வாரம் ஒன்று. கிளம்புவதற்கு 2 வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். வலிப்பு, மனநலப் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஆகாது.

நம்ம ஊரில் பழகிய குளோரோகுயின் அங்கே வேலை செய்யாது. எதையும் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம், தயவுசெய்து.

இப்போது அந்த ஆறு பேரைத் திரும்பப் பாருங்கள். பாட்டிக்கு ஊசியில் யோசனை. மருமகளுக்கு ஊசி, மலேரியா இரண்டிலும் பிரச்சினை. பேரனுக்கு மலேரியா பயம். ஆறில் மூன்று பேருக்குப் பொருந்தாத இடத்துக்கு ஆறு பேருக்கும் டிக்கெட்!

என் கருத்து இதுதான் மக்களே. சஃபாரிக்குக் காடு தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி "எங்க சிங்கம் கட்டாயம் தெரியும்?" கேட்க வேண்டிய முதல் கேள்வி "நம்ம வண்டியில் உடம்பு முடியாதவர் யார்? அவருக்கு எந்தக் காடு தாங்கும்?"

அப்படிக் கேட்டால் பதில் தானாகவே பிரியும்.

1) எல்லாரும் திடமான பெரியவர்கள், யாரும் கர்ப்பமாக இல்லை: தாராளமாகக் கென்யா போங்க. குறைந்தது 4 முதல் 6 வாரம் முன்பே டாக்டரைப் பாருங்க. லட்சக்கணக்கான காட்டுமாடுகள் இடம்பெயர்வதைப் பார்க்க மாராவுக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை நல்ல காலம். கிளிமஞ்சாரோ பின்னணியில் யானைகள் வேண்டுமா, அம்போசெலி. காண்டாமிருகம் வேண்டுமா, நகுரு.

ஆனால் "7 நாளில் 5 பூங்கா" பேக்கேஜை மட்டும் எடுக்காதீங்க. நைரோபியிலிருந்து மாரா சாலை வழியே 5, 6 மணி நேரம். அம்போசெலி 4, 5 மணி நேரம். அதில் பாதி நாள் காட்டைப் பார்க்க மாட்டீங்க, முதுகுவலியைத்தான் பார்ப்பீங்க. ஒரு வாரத்துக்கு இரண்டு பூங்கா போதும்.

2) சின்னக் குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் இருக்கிறார்கள்: தென் ஆப்பிரிக்காவில் மலேரியா இல்லாத காடுகள் இருக்கின்றன. பிலனெஸ்பர்க், மடிக்வே, ஆடோ யானைப் பூங்கா. இந்தியாவிலிருந்து நேராகப் போய் வந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசி விவகாரமும் இல்லை. நடுவில் நைரோபி, அடிஸ் அபாபா மாதிரி ஊரில் 12 மணி நேரத்துக்கு மேல் விமானம் மாறக் காத்திருந்தால் மட்டும் சான்றிதழ் கேட்பார்கள். டிக்கெட் போடும்போது இதைப் பார்த்துக்கோங்க.

பிலனெஸ்பர்க் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். அணைந்துபோன எரிமலையின் மடியில் அமைந்த காடு. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஐந்தும் அங்கே உண்டு. ஆடோவை 1931-ல் தொடங்கியபோது மிஞ்சியிருந்தவை 11 யானைகள்தான். இன்று அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பிலனெஸ்பர்க்கிலும் ஆடோவிலும் நம் காரிலேயே சுற்றலாம். குழந்தை அழுதால் திரும்பிவிடலாம். பல தனியார் விடுதிகள் 6 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைத் திறந்த ஜீப்பில் ஏற்றுவதே இல்லை, முன்பே கேட்டுக்கோங்க.

ஆனா ஒரு எச்சரிக்கை. தென் ஆப்பிரிக்கா என்றாலே மலேரியா இல்லை என்று அர்த்தம் கிடையாது. பெரிய பேர் வாங்கிய க்ரூகர் பூங்கா மலேரியா பகுதி. குளிர்காலமான ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் ஆபத்து குறையும், இல்லாமல் போகாது.

3) ஸ்டென்ட் வைத்தவர்கள், இன்சுலின் போடுபவர்கள்: "மருத்துவமனை எத்தனை மணி நேரத்தில்?" என்று விடுதியில் எழுத்தில் கேளுங்க. கிழக்கு ஆப்பிரிக்காவில் 1957-ல் தொடங்கிய அம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவை நோயாளியை விமானத்தில் தூக்கி நைரோபிக்குக் கொண்டுவரும். அதற்கான காப்பீட்டை முன்பே எடுத்து வையுங்க.

"டாக்டர், என் மச்சான் ஒரு மாத்திரையும் போடாம போய்ட்டு நல்லாத்தானே வந்தார்?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். நல்லது. ஹெல்மெட் போடாத எல்லோருக்கும் தலை உடைவதில்லை. அதைப் பார்த்து ஹெல்மெட்டைக் கழட்டி வைப்போமா?

"நமக்குத்தான் கொசுக்கடி பழக்கமாச்சே, எதிர்ப்பு சக்தி இருக்கும்" என்பதும் தப்பு. மலேரியாவைத் திரும்பத் திரும்ப வாங்கி வளர்ந்தவர்களுக்குத்தான் ஓரளவு எதிர்ப்பு இருக்கும். ஊரை விட்டு வந்தால் அதுவும் குறைந்துவிடும். நம்ம கோவை, மதுரைக்காரருக்கு அது அறவே கிடையாது.

கடைசியாக ஒன்று. இதை மட்டுமாவது நினைவில் வையுங்க.

ஆப்பிரிக்காவுக்குப் போய் ஒரு வாரம் ஆன பிறகு, குறிப்பாகத் திரும்பி வந்த மூன்று மாதத்துக்குள், காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் போட்டுக் காத்திருக்காதீங்க. மாத்திரை ஒழுங்காப் போட்டிருந்தாலும் சரி. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "நான் ஆப்பிரிக்கா போய்ட்டு வந்தேன்." நீங்கள் சொல்லாவிட்டால் நாங்கள் டெங்கு, டைபாய்டு, வைரஸ் காய்ச்சல் என்றுதான் முதலில் யோசிப்போம். ரத்தப் பரிசோதனையில் ஒரு தடவை மலேரியா இல்லை என்று வந்தாலும் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் திரும்ப எடுக்கச் சொல்லுங்க.

அந்தத் திருப்பூர்க்காரர் என்ன ஆனார்?

அன்றைக்கு என் மேல் கோபம்தான். கட்டிய காசில் பாதி போனது. ஆனால் பயணத்தை நிறுத்திவிட்டார். பிரசவம் முடிந்து, பேத்திக்கு ஒரு வயது தாண்டியதும், போன ஜூனில் ஏழு பேராகப் பிலனெஸ்பர்க் போய் வந்தார்கள்.

வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. ஸ்வெட்டர், மஃப்ளர் சகிதமாக 76 வயது அம்மா காருக்குள் உட்கார்ந்து, ரோட்டைக் கடக்கும் யானைக் கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறார். மடியில் பேத்தி.

கீழே ஒரு வரி: "சிங்கம் கண்ணுல படலீங்க டாக்டர். அம்மாவுக்கு இதுவே போதுமாமுங்க."

எனக்கும் போதும்.

டிக்கெட் போடும் முன் இதைப் படிக்க வேண்டியவர் உங்கள் வீட்டில் இருந்தால் அனுப்பி வையுங்கள்.