தோல்வியைத் திருடுகிறவர்கள்

விளையாட்டில் தோற்பது ஒரு குற்றமா என்று கேட்கிறார்கள். குற்றமே இல்லை. ஆட்டம் என்று ஒன்று இருந்தால் யாராவது ஒருவன் தோற்றுத்தான் ஆகவேண்டும். முழு மூச்சோடு ஆடித் தோற்றவனுக்கு நான் எழுந்து நின்று மரியாதை செய்வேன். நான் சொல்ல வந்தது வேறொரு பிரகிருதியைப் பற்றி. தோற்க வேண்டும் என்றே தோற்று, தன்னோடு இன்னும் நாலு பேரையும் குழியில் இழுத்துப் போடுகிறானே, அவனைப் பற்றி.

என் தங்கை பிள்ளைக்குப் பதினேழு வயது. லீவுக்கு வந்திருந்தான். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான். ஆன்லைன் ஆட்டம். இந்தக் கட்சியில் ஐந்து பேர், அந்தக் கட்சியில் ஐந்து பேர். ஒருவன் முகம் ஒருவனுக்குத் தெரியாது, ஊர் தெரியாது, பல சமயங்களில் பாஷைகூடத் தெரியாது. ஆனாலும் ஐவரும் சேர்ந்து தங்கள் கோட்டையைக் காத்து, எதிரியின் கோட்டையைத் தகர்க்க வேண்டும். ஒரு நாள் நானும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிஷம் நன்றாகவே போயிற்று. அப்புறம் இவன் கட்சிக்காரன் ஒருவன், எதிரிகள் கும்பலாக நிற்கும் இடத்துக்கு நேராக நடந்து போய்ச் செத்தான். உயிர் திரும்பியதும் மறுபடியும் நடந்து போனான், மறுபடியும் செத்தான்.

"என்னடா இது? அவனுக்கு ஆடத் தெரியாதா?" என்றேன்.

"நல்லாத் தெரியும் மாமா. எங்க ஆள் ஒருத்தன் அவனை முட்டாள்னு திட்டிட்டான். அதுக்காக வேணும்னே சாகறான்."

"அப்படியானால் நீ எழுந்து வந்துவிடேன்."

"நடுவிலே எழுந்தா எனக்குத்தான் மாமா தண்டனை."

இதிலுள்ள அக்கிரமத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். டோட்டா, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் போன்ற ஆட்டங்களில் சாவு செத்தவனோடு போவதில்லை. கொன்றவனுக்குப் பொன்னும் அனுபவமும் சேருகின்றன. அந்தப் பொன்னில் ஆயுதம் வாங்கி, அவன் மீதி நாலு பேரையும் வெட்டுகிறான். ஆகவே வேண்டுமென்று சாகிறவன் வெறுமே கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. எதிரிக்குக் கத்தி வாங்கிக் கொடுக்கிறான். லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் அடுத்தடுத்துச் சாகிறவன் தலைக்குக் கிடைக்கும் பொன் குறைந்துகொண்டே போகும்படி விதி வைத்திருக்கிறார்கள். இருந்தும் போதவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டு கலைந்து போகலாமென்றால், அதற்கும் குறிப்பிட்ட நேரம் ஆகவேண்டும், ஓட்டெடுக்க வேண்டும். அதுவரை நாலு பேரும் கைதிகள்.

"விளையாட்டுதானே சார், இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்பார்கள். நாற்பது நிமிஷ ஆட்டம் என்றால், நாலு பேருக்கு நூற்றறுபது நிமிஷம். பகலெல்லாம் உழைத்துவிட்டு, படுக்கப் போகுமுன் ஒரே ஒரு ஆட்டம் என்று வந்தவன் அந்த நாலு பேரில் இருக்கக்கூடும். அவனுடைய ராத்திரியைத் திருட இவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஒருவன் திட்டினான் என்பதற்காகத் திட்டாத மூன்று பேரையும் சேர்த்துத் தண்டிக்கிறானே, இது எந்த ஊர் நியாயம்?

பணத்துக்காகத் தோற்றவர்களும் உண்டு. 2013-ல் ஸ்டார்லேடர் என்ற டோட்டா போட்டியில் ராக்ஸ்கிஸ் என்ற கட்சிக்கு ஆடிய ரஷ்யர் ஒருவர், தன் கட்சி தோற்கும் என்று 100 டாலர் பந்தயம் கட்டினார். கட்சி தோற்றது, கைக்கு வந்தது 322 டாலர். ஆயுள் தடை விதித்து, பிறகு அதை ஒரு வருஷமாகக் குறைத்தார்கள். ஐந்து பேர் ஆட்டத்தில் அவர் வைத்துக்கொண்டிருந்த பட்டப்பெயர் 'சோலோ', அதாவது தனியாள்! 2014-ல் அமெரிக்காவில் கவுண்டர்-ஸ்டிரைக் ஆடும் ஐபைபவர் கட்சியார், பேசி வைத்துக்கொண்டு ஒரு பந்தயத்தில் தோற்றார்கள். கூலியாகக் கைமாறியவை ஆட்டத்துத் துப்பாக்கிகளுக்குப் பூசுகிற வர்ணப் பூச்சுகள். அவற்றுக்கு ஆயிரக்கணக்கான டாலர் மதிப்பு இருந்தது. 2015 ஜனவரியில் ஆட்டத்தை நடத்தும் வால்வ் கம்பெனி, அந்த விவகாரத்தில் ஏழு பேருக்குத் தடை விதித்தது.

இவர்களை எல்லோரும் தூற்றுகிறார்கள். தூற்றட்டும். ஆனால் நான் கேட்கிறேன்: காசு வாங்கித் தோற்றவனாவது தன் கட்சிக்கு ஒரு விலை வைத்தான். வீட்டில் உட்கார்ந்து கோபத்துக்காகத் தோற்கிறவன் அதை இனாமாகவே விற்றுவிடுகிறான். எவன் மட்டம்?

மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. இவன் கெட்டிக்காரன். இந்த ஆட்டங்களில் ஜெயிக்க ஜெயிக்கத் தரம் ஏறும். தோற்கத் தோற்க இறங்கும். சமமானவர்களோடு மோத இவனுக்குத் தைரியமில்லை. ஆகவே வேண்டுமென்றே தோற்றுத் தோற்றுக் கீழே இறங்கி, நேற்றுத்தான் ஆட வந்த பையன்களின் நடுவில் நின்றுகொண்டு மார் தட்டுகிறான். இறங்கும்போது தன் கட்சிக்காரர்களைக் கொள்ளையடித்தான்; இறங்கியபின் எதிர்க் கட்சிப் பையன்களைக் கொள்ளையடிக்கிறான். இதைக் கோழைத்தனம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

"சட்டமே அப்படி இருக்கிறது, நாங்கள் என்ன செய்வோம்?" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். இதுவும் புதிதல்ல. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் பெண்கள் இரட்டையர் பாட்மிண்டனில் முதல் சுற்றைப் பிரிவு பிரிவாக வைத்தார்கள். இன்ன இடத்தில் வந்தால் இன்னாரைச் சந்திக்க வேண்டும் என்ற கணக்கு வந்தது. கணக்குப் பார்த்த நான்கு ஜோடிகள், பந்தை வேண்டுமென்றே வலையில் அடித்துத் தோற்கப் பார்த்தன. காசு கொடுத்து வந்த ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். சீனா, இந்தோனேஷியா ஜோடிகள் ஒவ்வொன்றும், தென்கொரியா ஜோடிகள் இரண்டுமாக எட்டுப் பேரையும் வெளியேற்றினார்கள். சட்டத்தில் ஓட்டை இருந்தது வாஸ்தவம். அதை அடைக்க வேண்டியதும் வாஸ்தவம். ஆனால் சுவரில் ஓட்டை இருந்தது என்று சொன்னால், நுழைந்தவன் திருடன் இல்லையென்று ஆகிவிடுமா?

நம்முடைய கதைகளில் இதற்கெல்லாம் என்றோ தீர்ப்பு எழுதியாயிற்று. அண்ணன் செய்தது பிடிக்காத விபீஷணன், சபையில் சொல்லிப் பார்த்துவிட்டு வெளிப்படையாகப் பிரிந்து போனான். கும்பகர்ணனுக்கும் பிடிக்கவில்லை, அவனும் முகத்துக்கு நேரே சொன்னான். சொல்லிவிட்டுப் போர்க்களத்துக்குப் போனவன், அரை மனசாகவா சண்டை போட்டான்? இந்த இருவரில் யார் செய்தது சரி என்று பட்டிமன்றம் நடத்தலாம், நடத்துகிறோம். சல்லியனைப் பற்றி யாராவது பட்டிமன்றம் நடத்துகிறார்களா? கர்ணனுக்குத் தேரோட்ட உட்கார்ந்துகொண்டே, அவன் ஊக்கத்தைக் கெடுப்பதாகத் தர்மபுத்திரனிடம் வாக்குக் கொடுத்திருந்தானே, அவனுக்கு வக்கீல் கிடையாது. கட்சி பிடிக்கவில்லையா, ஆட்டம் முடிந்ததும் விலகிப் போ. இருக்கிறவரையில் கும்பகர்ணனாக இரு. தேர்த்தட்டில் உட்கார்ந்துகொண்டு சல்லியன் வேலை செய்யாதே.

இந்தப் பேர்வழிகள் செய்கிற பெரிய கெடுதல் ஒன்று பாக்கியிருக்கிறது. அந்த 322 இருக்கிறதே, அது இன்று டோட்டா ஆடுகிறவர்கள் நடுவில் ஒரு வசைச்சொல். கை தவறி ஒருவன் தப்பு செய்தாலும், புதிதாக வந்தவன் வழி தெரியாமல் செத்தாலும், "322" என்று கத்துகிறார்கள். வேண்டுமென்று தோற்கிறவனையும், வராமல் தோற்கிறவனையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிவது கஷ்டம். மனசுக்குள் இருப்பதை எந்த யந்திரம் எடுத்துக் காட்டும்? ஆகவே சந்தேகம் எல்லார் மேலும் விழுகிறது. தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்கிற அப்பாவிதான் அதிகமாக அடிபடுகிறான். யோக்கியமாகத் தோற்கிற உரிமை மனிதனுக்குப் பெரிய உரிமை. அது இல்லாமல் எந்த வித்தையும் கைவராது. அந்த உரிமையைத்தான் இவர்கள் திருடிவிட்டார்கள். ஜெயித்தவனுடைய சந்தோஷத்தையும் விட்டுவைக்கவில்லை. தானம் வாங்கிய வெற்றியில் என்ன ருசி இருக்கும்?

மூன்றாம் நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். பையன் இன்னும் ஆடிக்கொண்டிருந்தான். பார்த்தால், அவனுடைய வீரன் எதிரிக் கும்பலுக்கு நேராக நடந்துகொண்டிருக்கிறான்!

"என்னடா பண்ணுகிறாய்?"

"இவனுங்க யாருக்குமே ஆடத் தெரியலை மாமா. அன்னிக்கு ஒருத்தன் என்னை அப்படிப் பண்ணினானே, பார்த்தீங்க இல்லே?"

"அன்றைக்குப் பண்ணினவன் இந்த நாலு பேரில் இருக்கிறானா?"

பதில் இல்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வீரனைத் திருப்பிக் கோட்டைக்குக் கொண்டுவந்தான். நானும் தூக்கத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்னும் இருபது நிமிஷம் நடந்தது ஆட்டம். உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினான். கடைசியில் கோட்டை விழுந்தது.

"தோத்துட்டோம் மாமா" என்றான்.

"சரி, போய்ப் படு" என்றேன்.