முதல்ல லென்ஸ் இல்லைங்க, அரைப் பக்கக் காகிதம்

ஹோட்டல் சாப்பாட்டை போட்டோ எடுத்து சம்பாதிக்கணும்னு ஆசைப்படற நண்பர்கள் கேக்கற முதல் கேள்வி, "எந்த லென்ஸ் வாங்கலாம்?"

50 எம்எம், எஃப்/1.8 போதும். மதியக் கூட்டம் கலைஞ்சதும் மூணு மணிக்குப் போங்க. ஜன்னலோர மேசை. மேல எரியற லைட்டை அணைக்கச் சொல்லுங்க, ரெண்டு வெளிச்சம் கலந்தா இட்லியோட வெள்ளையே மாறிடும். நிழல் பக்கம் ஒரு வெள்ளை தெர்மோகோல். ஃபோகஸ் எல்லாம் காலித் தட்டை வச்சே பார்த்துடுங்க. தோசையோட முறுகல் நமக்காகக் காத்திருக்காது.

இதெல்லாம் பழகினா வந்துடும். நான் கோட்டை விட்டது வேற இடத்துல.

ஒரு ஹோட்டலுக்கு மெனு கார்டுக்குன்னு பேசி, காசு வாங்கி எடுத்துக் கொடுத்தேன். ஆறு மாசம் கழிச்சு அதே படம் அவங்க புதுக் கிளையோட விளம்பரப் பலகையில! சண்டைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி சட்டத்தைப் புரட்டினேன். நல்லவேளை.

1957 பதிப்புரிமைச் சட்டம், 17வது பிரிவு. ஒருத்தர் கேட்டு, காசுக்கு எடுத்துக் கொடுத்த போட்டோவுக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லைன்னா, கேட்டவர்தான் முதல் உரிமையாளர். அதாவது படம் அவங்களோடது. என் தளத்துல போடவே நான்தான் அவங்ககிட்ட அனுமதி கேக்கணும் :-(

அதனால படத்தை எங்கெங்க போடலாம், எத்தனை வருஷத்துக்கு, உரிமை யாருக்குன்னு மூணு வரி எழுதி, கையெழுத்து வாங்கிட்டு அப்புறமா கேமராவை எடுங்க. கேக்கக் கூச்சமா இருக்கா? பில் நீட்ட அவங்க கூச்சப்படறாங்களா என்ன?